முகப்பு மரத்துக்கு ஸ்டெயின் அடிக்கிறீர்களா? டப்பாவைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

தக்கலை, இரணியல் பக்கம் ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். பழைய மரவேலையைப் புதுசாக்கித் தருகிறேன் என்று வந்த ஒரு கான்ட்ராக்டரிடம் எங்கள் வீட்டு முகப்பைக் கொடுத்து 42,000 ரூபாய் போனது. ஆள் பெயர் வேண்டாம். என்ன செய்தார் என்பது தெரிந்தால், வேறு யார் வந்தாலும் நீங்களே பிடித்துவிடலாம்.

முகப்பில் தேக்குத் தூண்கள், அயனி மரத்தில் கழிக்கோல் (ஓட்டைத் தாங்கும் சட்டம்), ஒரு பெரிய கதவு. வீடு மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேரே அடிக்கும். ஆனி, ஆடிச் சாரலும் அந்தப் பக்கம்தான். அது முடிந்தால் ஐப்பசி மழை. இதையெல்லாம் சொல்லித்தான் வெளிப்புற ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறி நிறம் கொடுப்பது), மேலே வெளிப்புற பியூ (பாலியூரிதேன் என்ற காப்புப் பூச்சு) என்று பேசி முடித்தோம். துண்டுச்சீட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். ஆனால் மனுஷன் வாயைத் திறந்தால் பளபளப்புதான். "ஒண்ணும் யோசிக்காண்டாம் சார், நல்ல சைனிங் கிட்டும்."

அடித்த அன்று வீடு முழுக்க ஒரு காரமான வாடை. அம்மா கண் எரிகிறது என்று பின்வாசலுக்குப் போய்விட்டார். கேட்டதற்கு, நல்ல சரக்கென்றால் அப்படித்தான் இருக்குமாம்.

ஆடி முடிவதற்குள் தூணின் அடிப்பகுதி வெள்ளை பூத்தது. நகத்தை வைத்து நெம்பினால் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் மரம் கறுத்து ஈரமாக இருந்தது. வெயில் படும் பக்கம் ரோஸ்வுட் நிறம் வெளிறிப்போக, நிழல் பக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. விறகுப்புரைக்குப் பின்னால் அவர்கள் விட்டுப்போன காலி டப்பாக்களைப் பக்கத்து வீட்டு ஆசாரியிடம் காட்டினேன். "மக்களே, இது மெலமைன். உள்ள கிடக்க கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடிக்கது" என்றார். டப்பாவிலும் 'இன்டீரியர்' என்றே அச்சடித்திருந்தது.

மெலமைன் மோசமான சரக்கு இல்லை, இடம்தான் தப்பு. இறுகுவதற்கு ஆசிட் ஹார்ட்னர் கலந்து அடிப்பது, இறுகினால் கெட்டியான படலம். வெளியே மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். படலம் அதோடு சேர்ந்து நெகிழாது, வெடிக்கும். வெடிப்பில் இறங்கின தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். நிறத்துக்கு அவர் போட்டது சாயம் கரைத்த மலிவான ஸ்டெயின். அது வெயிலுக்கு நிற்காது. வெளி மரத்துக்கு நுண்ணிய நிறத்தூள், அதாவது பிக்மென்ட், உள்ள ஸ்டெயின் வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அந்தத் தூள்தான். அதனால்தான் நிறமே இல்லாத சாதா வார்னிஷும் வெளியில் சீக்கிரம் உரிகிறது.

வேலையிலும் ஏமாற்று. பழைய வார்னிஷை முழுக்கச் சுரண்டவில்லை, மேலோட்டமாக உப்புத்தாளால் தேய்த்தார்கள். மரத்துக்குள் ஊற வேண்டிய ஸ்டெயின் வார்னிஷ் மேலேயே உட்கார்ந்துவிட்டது. முந்தின நாள் மழையில் நனைந்த மரத்திலேயே அடித்தார்கள். சுரண்டித் தேய்த்த மரத்தில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கழிக்கோலின் வெட்டுமுனையை யாரும் தொடவே இல்லை. தண்ணீரை அதிகம் குடிப்பது அந்த முனைதான், அதற்குக் கூடுதலாக ஒரு கை அடிக்க வேண்டும்.

ஊறுகிற எண்ணெய் ஸ்டெயின் என்றால் கொஞ்ச நேரத்தில் மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுப்பார்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுக்கும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, ஆளிவிதை எண்ணெய் பட்ட துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள்.

டப்பா சீல் உடைக்காமல் வீட்டுக்கு வர வேண்டும், உங்கள் கண் முன்னால் திறக்க வேண்டும். 'எக்ஸ்டீரியர்' என்று இருக்கிறதா பார்த்து, போட்டோ எடுத்து, கடை பில்லையும் கேட்டு வாங்குங்கள். பில் கேட்டால் முகம் மாறுகிற ஆளை அங்கேயே அனுப்பிவிடலாம்.

எங்கள் ஆள் இப்போது போன் எடுப்பதில்லை. துண்டுச்சீட்டையும் டப்பாக்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்தும் புகார் சொல்லலாம். மரத்தைச் சுரண்டும் வேலை மாசியில், மழை விட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான். அதற்கு ஆசாரி சொல்லும் கூலி, முதலில் கொடுத்ததைவிட அதிகம்.