ஃப்ளூட்டா, ஷார்ட் ரீடா: கனடா வாத்து வேட்டைக்கு எந்த ஊதல்?

வாத்தின் குரலை எழுப்பி அதை அருகே வரவழைக்கும் ஊதல்களில், ஃப்ளூட் என்ற வகையோடு இரண்டு பருவம் வேட்டைக்குப் போனேன். மூன்றாவது பருவத்தில் ஷார்ட் ரீட் என்ற குட்டை வகைக்கு மாறினேன். (ரீடு என்பது ஊதலுக்குள் அதிர்ந்து குரல் எழுப்பும் மெல்லிய தகடு.) ஒன்டாரியோவில் சிம்கோ ஏரிக்குத் தெற்கே, கோதுமையோ மக்காச்சோளமோ அறுத்த வயல்களில்தான் எங்கள் வேட்டை. பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டு கனடா வாத்தை அழைக்க இங்கே சட்டம் இடம் தராது. ஆகவே வாயால் ஊதக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். கடையில் ‘கூஸ் கால்’ என்று கேட்டால் பெரும்பாலும் இந்த இரண்டு வகையைத்தான் எடுத்து வைப்பார்கள்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அது வகையைவிட எதில் செய்தது என்பதைப் பொறுத்தது. பாலிகார்பனேட் மலிவு, அக்ரிலிக் பல மடங்கு விலை, சத்தமும் கூர்மை. மரத்தில் செய்த ஊதலை நண்பர் ஒருவரிடம் வாங்கி ஒரு காலை முழுக்க ஊதியிருக்கிறேன், அவ்வளவுதான் அனுபவம். குரல் மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் மரம் ஈரத்தில் உப்பும் என்பதால் எனக்கு வாங்கத் தோன்றவில்லை. முதல் ஊதலுக்கு பாலிகார்பனேட் போதும்.

ஃப்ளூட் நீளமான குழல். காற்றுக்கு வேண்டிய எதிர் அழுத்தம் அந்த நீளத்திலேயே கொஞ்சம் கிடைத்துவிடுவதால் புதியவரின் தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும். வாங்கிய வாரமே எனக்கு ஒரு நல்ல ‘ஹாங்க்’, அதாவது வாத்தின் உரத்த கூப்பாடு, வந்தது. குரலும் கனமானது. ஊருக்குள்ளேயே தங்கிவிட்ட பெரிய வாத்துகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். வடக்கிலிருந்து வலசை வரும் சிறிய வாத்துகளின் குரல் இன்னும் மெல்லியது.

சரி, அப்படியென்றால் ஏன் மாறினேன்? கடைசி நூறு மீட்டருக்காக.

தூரத்தில் போகும் கூட்டத்தைத் திருப்ப எந்த ஊதலாலும் முடியும். ஆனால் வாத்து நெருங்க நெருங்க நம் குரல் இறங்க வேண்டும். தரையில் நிம்மதியாக மேயும் வாத்து உரக்கக் கத்தாது. சின்னச் சின்னதாக ‘க்ளக்’ என்னும், அடித்தொண்டையில் முனகும், பக்கத்து வாத்து அதற்குப் பதில் சொல்லும். என் இரண்டாவது பருவத்தில் பதினைந்து வாத்துகள் சிறகை விரித்து எங்கள் டெக்காய்களுக்கு (வாத்துகளை ஈர்க்க வயலில் வைக்கும் பொம்மை வாத்துகளுக்கு) நேராக இறங்கிக்கொண்டிருந்தன. நான் ஃப்ளூட்டில் இன்னொரு ஹாங்க் கொடுத்தேன். தூரத்தில் இருந்தபோது கொடுத்த அதே சத்தம். கூட்டம் அப்படியே வளைந்து வயலின் மறுகோடிக்குப் போய் இறங்கியது. பழகிய கை ஃப்ளூட்டிலும் மெதுவாக ஊதும், பார்த்திருக்கிறேன். என்னால் இரண்டு பருவத்திலும் அது முடியவில்லை.

ஷார்ட் ரீடில் அந்த எதிர் அழுத்தத்தை நம் கைதான் தர வேண்டும். ஒரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊதலின் முனையை வளையமாகப் பிடித்திருக்கும், மற்றக் கை அதன் மேல் குவியும். கையை மூடினால் குரல் அடங்கி முனகலாகும், திறந்தால் கூர்மையாக வெளியே பாயும். ஒரே மூச்சில் ஹாங்கிலிருந்து முனகலுக்கு இறங்கலாம். இந்த இறக்கத்துக்காகத்தான் மற்ற எல்லாச் சிரமத்தையும் ஏற்றுக்கொண்டேன்.

சிரமம் உண்மையிலேயே உண்டு. முதல் இரண்டு வாரம் வெறும் கீச்சுச் சத்தம்தான் வந்தது. கன்னத்தை உப்ப வைத்து ஊதினால் ஒன்றும் வராது. நாதஸ்வரக்காரர்கள் போல அடிவயிற்றிலிருந்து காற்று வர வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் துடைக்குமுன் ‘ஹா’ என்று சூடாக ஊதுவோமே, அந்தக் காற்று. முதலில் அந்தக் காற்றிலேயே கீழ்ச்சுரத்தை மட்டும் நீளமாகப் பிடித்துப் பழகினேன். அப்புறம் காற்றைச் சட்டென்று அழுத்தினால் குரல் மேலே உடையும். அந்த உடைப்புதான் வாத்தின் குரல். ‘தூ-விக்’ என்று நாக்கால் சொல்லிப் பார்த்தால் பிடிபடும். சுத்தமான முதல் க்ளக் மூன்றாவது வாரத்தில்தான் வந்தது.

வீட்டில் ஊத முடியாது, பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிறது. வேலையிடத்து வாகன நிறுத்தத்தில், மதிய இடைவேளையில், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு தினமும் பதினைந்து நிமிடம். செப்டம்பர் பருவத்துக்காக ஜூன் மாதமே தொடங்கினேன். போனில் பதிவு செய்து கேட்டபோதுதான் நான் எவ்வளவு வேகமாக ஊதுகிறேன் என்று தெரிந்தது. டொராண்டோவின் ஏரிக்கரைப் பூங்காக்களில் வாத்துக்கா பஞ்சம்? அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டாலே போதும். போட்டிகளில் மூச்சுவிடாமல் ஊதுபவர்களைப் பார்த்து அதையே வயலில் செய்யாதீர்கள். மேரிலாண்டின் ஈஸ்டனில் நடக்கும் உலகப் போட்டியில் காது கொடுப்பவர்கள் நடுவர்கள், வாத்துகள் அல்ல.

பராமரிப்பில் இரண்டும் ஒன்றுதான். டிசம்பரில் மூச்சின் ஈரம் ரீடுக்கு அடியில் உறைந்து ஊதல் ஊமையாகிவிடும். ஊதி முடித்ததும் உதறிவிட்டு ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். தூசி சேர்ந்தால் மெல்லிய தாளை ரீடுக்கு அடியில் செருகி இழுத்தால் வந்துவிடும். ரீடையும் அதைப் பிடித்திருக்கும் ஆப்பையும் கழற்றுவதாக இருந்தால், அவை இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். மயிரிழை நகர்ந்தாலும் குரல் மாறிவிடும். ஷார்ட் ரீடில் இது இன்னும் பட்டென்று தெரியும்.

வருடத்தில் இரண்டு மூன்று காலைகள் மட்டும் போகிறவர், கோடையில் பயிற்சிக்கு நேரம் இல்லாதவர், ஃப்ளூட்டே வாங்கட்டும். பாதி பழகிய ஷார்ட் ரீடைவிட அது எவ்வளவோ மேல்.

என் பழைய ஃப்ளூட் இப்போது மைத்துனர் கழுத்தில் தொங்குகிறது. தூரத்தில் கூட்டம் தெரிந்தால் ஹாங்க் கொடுப்பது அவர் வேலை. வாத்துகள் திரும்பி எங்களை நோக்கிச் சிறகை விரித்ததும் அவர் நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு நான் கையைக் குவித்து முனகத் தொடங்குவேன்.