காக்கா பார்க்க வாங்கிய 8×42 பைனாகுலர்

போன ஆடி அமாவாசைக்கு முன்னால் தஞ்சாவூரில் 8,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடைக்காரர் 10×50-ஐத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தார். கை கனத்தது, உருவமும் நடுங்கியது. 8 மடங்கு பெரிதாகத் தெரிந்தாலே போதும் என்று இதை எடுத்தேன். இன்றைக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை.

வாங்கியதே காக்காவுக்காகத்தான். அண்ணன் மகன் கொல்லையில் பார்த்த அண்டங்காக்கையை 'ரேவன்' (raven) என்று தன் பறவைப் பட்டியலில் எழுதிவிட்டான். அகராதியில் அப்படித்தானே போட்டிருக்கிறது என்றான். ரேவன் ராஜஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்திலும் இமயமலை உயரத்திலும் இருக்கிற வேறொரு காக்கை இனம், டெல்டாவில் கிடையாது. சொன்னால் கேட்கவில்லை. சரி, காட்டிவிடலாம் என்று அமாவாசை விடிகாலையில் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்குப் பிண்டச் சோற்றுக்குக் காக்கா வராமல் இருக்காது.

அந்த வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கு எல்லாமே கருப்பு. வெளிச்சத்தை நிறைய உள்ளே விடுகிற 42 மில்லிமீட்டர் முன்லென்ஸின் அருமை அங்கேதான் தெரிந்தது. கூட்டமாக விழுந்து சோற்றை இழுத்தவை வீட்டுக்காக்காய்கள். கழுத்தும் நெஞ்சும் சாம்பல் பூசினாற்போல இருந்தன. தள்ளி, மதில்மேல் ஜோடியாக அண்டங்காக்கை. உச்சி முதல் வால் வரை ஒரே கருப்பு. அலகைப் பார்க்க வேண்டுமே! தடித்து, மேல்புறம் வில்லாக வளைந்து, அதற்குமேல் நெற்றி செங்குத்தாக எழும்புகிறது. தொண்டை இறகு படிந்தே இருந்தது. ரேவனுக்கு அங்கே தாடிபோலச் சிலிர்த்து நிற்கும். உடம்பும் பருந்தளவு பெரிது. ஒன்று எழும்பிப் பறந்தபோது வால் முனை வட்டமாக விரிந்தது, ரேவனுக்குரிய ஆப்பு வடிவம் இல்லை. பையன் அரைமணி நேரம் பைனாகுலரைத் திருப்பித் தரவில்லை. வீட்டுக்கு வந்ததும் பட்டியலைத் திருத்தினான்.

மார்கழிப் பனியிலும் உள்ளே ஆவி படியவில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடி போடுகிற எனக்கு, கண் வைக்கிற பக்கத்துக் கண்குவளையை மடக்கினாலும் ஓரம் இருட்டடிக்கிறது. கண்ணாடி போடுபவர்கள் கடையிலேயே வைத்துப் பார்த்து வாங்குங்கள். வாரும் மெல்லிசு, ஒரு மணி நேரத்தில் பிடரி வலிக்கிறது, துண்டை மடித்து அடியில் கொடுத்துக்கொள்கிறேன். அப்புறம், லென்ஸ் மூடிகள் கட்டப்படாமல் தனித்தனியாக வருகின்றன. ஒன்று அன்றைக்கே படித்துறையில் விழுந்து காவிரியோடு போய்விட்டது.