ஆரஞ்சு: நாரங்கமா, போர்ச்சுகலா?

ஆரஞ்சுப் பழத்துக்கு உலக மொழிகளில் இரண்டு பெரிய பெயர்க் குடும்பங்கள் உண்டு. ஒன்று நம் நாரத்தையோடு உறவுள்ள நாரங்கம். திராவிட வேர் என்றே பல மொழியியலாளர்கள் சொல்கிறார்கள், அது சமஸ்கிருதம், பாரசீகம், அரபு வழியாக ஸ்பானிஷில் நரஞ்ஹா ஆனது, இத்தாலியனில் முன்னெழுத்து உதிர்ந்து அரான்சா ஆனது. இன்னொன்று போர்ச்சுகல் நாட்டின் பெயரே: கிரேக்கத்தில் போர்தொகாலி, துருக்கியில் போர்டகால், அரபியில் புர்துகால். காரணம் எளிது, புளிப்பு ஆரஞ்சு நாரங்கப் பெயரோடு ஐரோப்பாவுக்கு முன்பே வந்துவிட்டது, இனிப்பு ஆரஞ்சைப் பரப்பியதில் போர்ச்சுகீசிய வணிகர்களுக்குப் பெரிய பங்கு. அதனால்தான் கிரேக்கத்தில் அந்தப் புளிப்பு ஆரஞ்சு இன்னும் நெராஞ்சி. எனக்குப் பிடித்தது நாரங்கம்தான், அதன் பயணம் அவ்வளவு நீளம். அப்புறம், போர்ச்சுகலிலேயே இதற்குப் பெயர் லரான்ஜா, அதாவது அவர்களும் நாரங்கம் பக்கம்தான்!