கைமாற்றைத் திருப்பித் தந்து தொடங்கிய மோசடி: கொடையாளர் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

கணவரை இழந்தபின், அவர் விட்டுச்சென்ற சொத்தின் பெரும்பகுதியைப் பிறர் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கொடுத்துவரும் என் பெரியம்மாவுக்கு வருகின்ற கடிதங்களைப் பிரித்துப் படித்துப் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பெரியப்பாவின் பழைய சகா என்று சொல்லிக்கொண்டு எழுதிய ஒருவர் எங்களை ஏமாற்றிய விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். காவல்துறையில் புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய முறையை முழுமையாகச் சொல்லியே ஆக வேண்டும். வேறு வீடுகளுக்கும் அவர் எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

முன்பின் தெரியாதவர்களின் கடிதங்களால் எங்களுக்குப் பெரிய நஷ்டம் வந்ததில்லை. அவற்றில் பொய் இருந்தால் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தெரிந்துவிடும். வெவ்வேறு பெயர்களில் வரும் மூன்று கடிதங்கள் ஒரே வாக்கியத்தில் தொடங்கும். மருத்துவமனையை மூன்றிலும் ‘மருத்துவமணை’ என்றே எழுதியிருப்பார்கள். கூலிக்கு எழுதித் தருபவர் ஒருவர் பின்னால் இருக்கிறார் என்பது புரிந்துவிடும். (அதற்காக அதில் கையெழுத்திட்டவருடைய கஷ்டமும் பொய் என்று முடிவுகட்டக் கூடாது, எழுதத் தெரியாதவர் வேறொருவரைத்தானே நாட வேண்டும்?) இந்தத் தொழில் இன்று தோன்றியதும் அல்ல. லண்டனில் 1818-இல் தொடங்கப்பட்ட பிச்சை ஒழிப்புச் சங்கம் இத்தகைய கடிதங்களை விசாரிப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்தது. செல்வந்தர்கள் தங்களுக்கு வந்த கடிதங்களை அங்கே அனுப்பி உண்மையறிந்தார்கள். 1906-இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் சேஜ் என்ற பெருஞ்செல்வந்தர் இறந்து, சொத்தின் பெரும்பகுதி அவர் மனைவி மார்கரெட் ஒலிவியா சேஜுக்கு வந்ததும், உதவி கேட்டுக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் 1907-இல் ஒரு கோடி டாலரில் நிறுவிய அறக்கட்டளை, தனியாட்களுக்கு நேரடியாக உதவித்தொகை தருவதைத் தன் வேலையாக வைத்துக்கொள்ளவில்லை. அந்த முடிவு கொஞ்சம் கடுமையானது என்று நான் நினைத்ததுண்டு. இப்போது அவ்வாறு நினைப்பதில்லை.

எங்களுக்கு வந்த கடிதம் எதையும் கேட்கவில்லை. கோடிட்ட தாளில், பக்கத்தின் ஓரத்தை அளந்து விட்டு, நிதானமான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. பெரியப்பாவுடன் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்ததாகவும், தாம் நொடித்துப்போயிருந்த காலத்தில் அவர் கைமாற்றாகக் கொடுத்த தொகையைத் திருப்பித் தர முடியாமலேயே காலம் ஓடிவிட்டதாகவும் சொல்லி, ஒரு சிறிய தொகைக்குக் காசோலையும் இணைத்திருந்தார். பெரியப்பா செய்தித்தாளை நான்காக மடித்துத்தான் படிப்பார் என்பதும், யாருக்குக் கடன் கொடுத்தாலும் கணக்கு எழுதி வைக்க மாட்டார் என்பதும் அதில் இருந்தன. பெரியம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, “கடனைக் கேட்காமலே திருப்பித் தருகிற மனுஷர் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்?” என்றார். காசோலையும் பணமானது.

சில மாதங்கள் கழித்து வந்த அடுத்த கடிதத்தில்தான் கோரிக்கை இருந்தது. அதுவும் தமக்காக அல்ல, ஓர் ஏழை மாணவிக்காக. கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தின் நகல் இருந்தது. கல்லூரியில் விசாரித்தோம், சேர்க்கை உண்மை. மாணவியும் உண்மை. கடைசித் தேதி நெருங்கிவிட்டதால் கட்டணத்தைத் தாமே கடன் வாங்கிக் கட்டிவிட்டதாகவும், ஆகவே தொகையைத் தம் கணக்குக்கு அனுப்பினால் போதும் என்றும் எழுதி, கட்டிய ரசீதையும் வைத்திருந்தார். விசாரணை எந்தெந்தப் பக்கம் போகும் என்று கணித்து, அந்தப் பக்கங்களிலெல்லாம் உண்மையையே நிறுத்தியிருந்தார். அதன்பின் வெவ்வேறு ஊர்களிலிருந்து, ஆசிரியர் என்றும் விடுதிக் காப்பாளர் என்றும் சொல்லிக்கொண்ட சிலரும் அவருடைய பெயரைக் குறிப்பிட்டு இதேபோல எழுதினார்கள். அவர்களுக்கும் உதவி போயிற்று.

குட்டு வெளிப்பட்டது அந்த மாணவியாலேயே. “உங்கள் உறவினரிடம் சொல்லி வட்டியையாவது குறைக்கச் சொல்லுங்கள் அம்மா” என்று பெரியம்மாவுக்கு அவர் நேரடியாக எழுதிய கடிதத்தைப் பார்த்தபோதுதான், நாங்கள் தானமாகக் கொடுத்த பணத்தை அந்த மனிதர் தம் சொந்தப் பணம் என்று சொல்லி, மாத வட்டிக்குக் கடனாகக் கொடுத்து, அந்தக் குடும்பத்திடம் வெற்றுத் தாளில் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தது தெரிந்தது. ஏமாந்தது நாங்கள் மட்டும் என்றால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. விளக்கம் கேட்டு எழுதியதற்கு, நன்றி கெட்ட குடும்பம் என்று வசை வந்தது. பிறகு பதிலே இல்லை. மாணவியிடம் கடன் எதுவும் இல்லை என்று பெரியம்மா தம் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதன்பின் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தோம். பெரியப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் வெளியிட்ட நினைவு மலரில், அவர் வேலையில் சேர்ந்த ஆண்டு 1974 என்பதற்குப் பதிலாக 1978 என்று தவறாக அச்சாகியிருந்தது. கூடவே வேலை பார்த்ததாகச் சொன்னவரின் கடிதத்திலும் அதே 1978 இருந்தது. செய்தித்தாளை மடிக்கும் பழக்கமும் கணக்கு எழுதாத குணமும் அந்த மலரில் இரு நண்பர்கள் எழுதியவையே. அந்தச் சிறிய காசோலை, அவருக்கு முதலீடு.

ஆகவே, இத்தகைய கடிதங்கள் வரும் வீட்டினருக்குச் சொல்லிக்கொள்கிறேன்: இறந்தவரைப் பற்றிய நினைவு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், அது அச்சில் வந்த செய்தியா என்று முதலில் பாருங்கள். தேவை உண்மையா என்று விசாரிப்பதோடு, பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பதையும் தனியாக விசாரியுங்கள். கட்டணம் கல்விக்கூடத்தின் கணக்குக்கே போகட்டும். இடையில் எத்தனை நல்லவர் நின்றாலும் சரி. உதவி பெறுபவருக்கு, இது திருப்பித் தர வேண்டியதில்லை என்று நேரடியாக ஒரு வரி எழுதிவிடுங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொருவருக்கும் அப்படி எழுதுகிறோம். கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைக் கிழித்தெறியும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஆசிரியரும் விடுதிக் காப்பாளரும் வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதியதாகச் சொன்ன கடிதங்கள் அனைத்திலும் ஒரே அஞ்சலகத்தின் முத்திரை இருந்தது; புகாரோடு நாங்கள் கொடுத்த சான்றுகளில் விசாரணை அதிகாரி முதலில் கேட்டு வாங்கியதும் அந்த உறைகளைத்தான்.