கம்பியை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங்கா, தொங்கும் எடையா?

சூடான கம்பியால் தெர்மகோல் வெட்டும் கம்ப்யூட்டர் மிஷினில், கொடை விழா மேடைக்கு 50 மி.மீ. ஷீட் பத்தை அடுக்கி ஒரே ஓட்டத்தில் ‘ட’ வெட்டுகிறீர்கள். முதல் ஷீட்டிலும் பத்தாவதிலும் மூலை கூராக இருக்கிறது, நடுவில் உள்ள ஐந்தாவது, ஆறாவதில் மட்டும் மழுங்கியிருக்கிறது. மோட்டாரைக் கழற்ற வேண்டாம். பத்து ஷீட்டிலும் ஒரே அளவு குறைந்தால் அது உருகல் அகலம் (கம்பி உருக்கித் தின்னும் அளவு), பாதையை அவ்வளவு தள்ளி ஆஃப்செட் கொடுத்தால் தீரும். நீளம் கூடக்கூடப் பிழையும் கூடினால் ஸ்டெப் கணக்கைப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் வைக்கும் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 ஆகப் பிரிக்கும் 1/16 மைக்ரோஸ்டெப், ஜிடி2 பெல்ட்டுக்கான (பல் இடைவெளி 2 மி.மீ.) 20 பல் புல்லி என்றால் மில்லிமீட்டருக்கு 80 ஸ்டெப். திசை திரும்புகிற இடத்தில் மட்டும் அளவு தப்பினால், வண்டியை நகர்த்தும் திருகுத்தண்டின் நட்டோ பெல்ட்டோ லூஸ். நடு ஷீட் மட்டும் கெட்டால், கம்பி வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் நடுவில் பின்தங்குகிறது.

எவ்வளவு பின்தங்கும்? ஒரு மீட்டர் கம்பி, நீளம் முழுக்கத் தெர்மகோல், அது கம்பியைத் தடுக்கும் விசை மொத்தம் 20 கிராம், கம்பியின் இழுவிசை 1 கிலோ. இந்தக் கணக்கில் நடுப்பகுதி 2.5 மி.மீ. பின்னால் நிற்கும். இழுவிசை 700 கிராமாக இறங்கினால் அது 3.6 மி.மீ. ஆகிவிடும். நேர்க்கோட்டில் இது கண்ணுக்குத் தெரியாது. மூலையில் மழுங்கும், ‘ல’வின் வளைவில் சிறுக்கும். ஆகவே எதை வைத்து இழுக்கிறோம் என்பதைவிட, வெட்டு முடியும்வரை அந்த விசை மாறாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஸ்பிரிங் இங்கேதான் சறுக்குகிறது. நிக்ரோம் கம்பி (நிக்கல், குரோமியம் கலந்த சூடேற்றும் கம்பி) 200 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். மில்லிமீட்டருக்கு 100 கிராம் கொடுக்கிற கட்டையான, விறைப்பான ஸ்பிரிங் போட்டிருந்தால், குளிர்ச்சியில் 1 கிலோ வைத்தது சூட்டில் 700 கிராம் ஆகிவிடும். விமான இறக்கை மாதிரி சரிவு வெட்டும்போது இன்னும் மோசம். கம்பியின் ஒரு முனையைச் சுமக்கும் வண்டி மறுமுனை வண்டியைவிட 150 மி.மீ. முன்னால் போனால் கம்பிக்கு 11 மி.மீ. கூடுதல் நீளம் வேண்டும். அதே ஸ்பிரிங்கில் விசை 1.1 கிலோ ஏறும். ஒரே வெட்டுக்குள் இழுவிசை இரட்டிப்பாகிறது. ஸ்பிரிங்தான் வேண்டும் என்றால் மில்லிமீட்டருக்கு 10 கிராம் அளவில் நீளமான, மென்மையான ஸ்பிரிங் தேடுங்கள். ஆனால் 1 கிலோவுக்கு அது 100 மி.மீ. இழுபட வேண்டும், அதற்கு இடம் விட வேண்டும். இன்னொன்று, கரண்டை ஸ்பிரிங் வழியாக விடவே கூடாது. சூட்டில் அதன் பிடிப்பே போய்விடும். கரண்ட் கிளிப்பை நேராகக் கம்பியிலேயே மாட்டுங்கள்.

என் ஓட்டு தொங்கும் எடைக்குத்தான். கம்பி 3 மி.மீ. நீண்டாலும் 11 மி.மீ. நீண்டாலும் 1 கிலோ 1 கிலோவாகவே இருக்கும். செலவும் கிடையாது: ஒரு லிட்டர் பாட்டிலில் நிறையத் தண்ணீர் பிடித்தால் ஏறக்குறைய 1 கிலோ. 0.3 மி.மீ. நிக்ரோமுக்கு அது தாராளம். கம்பி சிவக்கிற அளவுக்குச் சூடேற்றினால் மட்டும் அது நிரந்தரமாக நீண்டு மெலியும்.

சூடான கம்பியைப் புல்லிமேல் ஓடவிடாதீர்கள். கரண்ட் கிளிப்புக்கு அப்பால் நாலைந்து அங்குலம் இரும்புக் கொக்கி, அதற்குப் பிறகு நைலான் கயிறு, கயிறு மட்டும் பேரிங் புல்லிமேல். புல்லி இறுகினால் எடையின் பலனே இல்லை. தெர்மகோல் தூசி பேரிங்கில் அடையும், அவ்வப்போது விரலால் சுற்றிப் பாருங்கள். எடையின் உண்மையான குறை ஊசலாட்டம். வேகமாக நகர்த்தினால் பாட்டில் ஆடி, வெட்டில் அலை விழும். தண்ணீர் அரைகுறையாக இருந்தால் அதுவும் சேர்ந்து தளும்பும். பாட்டிலை வண்டியோடு நகரும் ஒரு பிவிசி குழாய்க்குள் இறக்கி, முடுக்கத்தைக் குறைத்தால் அடங்கும். வண்டி கீழே இறங்கும்போது பாட்டில் மேஜையில் உட்கார்ந்துவிடாதபடி ஓரத்துக்கு வெளியே தொங்க வேண்டும். இதெல்லாம் மீட்டர் அளவு மிஷினுக்கான கணக்கு. அதைவிட நீளத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்து எடையைக் கூட்டுங்கள்.

மூன்றாவது வழி வில்: வளைந்து கொடுக்கும் சட்டத்தின் இரு முனையிலும் கம்பியைக் கட்டுவது. இரு பக்கமும் ஒரே பாதையில் போகிற எழுத்து வேலைக்குப் போதும், சரிவு வெட்டுக்கு உதவாது.

எதைப் போட்டாலும், நம் பக்கம் ஆனி, ஆடிக் காற்றை மறக்கக் கூடாது. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்று ஜன்னல் வழியே கம்பியில் பட்டால் சூடு இறங்கும், தெர்மகோலின் தடை கூடும், நடு மறுபடி பின்தங்கும். மின்விசிறியும் அப்படித்தான். ஆனால் புகை வெளியேறியே ஆக வேண்டும், அதை மூச்சில் இழுக்கக் கூடாது. காற்று அடிக்கிற பக்கத்து ஜன்னலைச் சாத்தி, மிஷினுக்குத் தள்ளி எதிர்ச் சுவரில் எக்ஸாஸ்ட் வையுங்கள். பிறகும் மூலை மழுங்கினால் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மூலையில் அரை வினாடி நிறுத்தினாலும் கம்பி எட்டிப் பிடிக்கும், ஆனால் அந்த இடம் குழிந்து உருகும் என்பதால் அதைக் கடைசி வழியாக வையுங்கள்.