தினம் ஒரு ஸ்கெட்ச்: எதைப் பார்த்து வரைவது?

தினமும் வரைவது என்று முடிவு செய்து தொடங்குகிறவர்களில் பலர் கை வராததால் நிறுத்துவதில்லை. ‘இன்றைக்கு என்ன வரைவது?’ என்ற கேள்விதான் அவர்களை நிறுத்துகிறது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு உட்காரும்போது கையில் இருப்பது இருபது நிமிடம். அதில் பாதிக்கு மேல் தேடுவதிலேயே போய்விட்டால், மிச்ச நேரத்தில் வரைவது யாருக்கும் பிடிக்காது. ஆகவே எந்தப் பென்சில், எந்தத் தாள் என்று அலசுவதற்கு முன்னால், வரையும் பொருள் எங்கிருந்து வரப்போகிறது என்பதைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

பொழுதுபோக்காக வரைகிறவர்கள் நாடும் வழிகள் பெரும்பாலும் இவைதான்: வீட்டில் கண்முன் இருக்கும் பொருட்கள், வெளியே நடமாடும் மனிதர்கள், புகைப்படம், யாரோ தரும் தலைப்புப் பட்டியல், பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைவது, நினைவிலிருந்து வரைவது. மூன்று கேள்விகளை வைத்து நான் இவற்றை எடை போடுகிறேன். எவ்வளவு சீக்கிரம் தொடங்க முடிகிறது? கண்ணுக்கு என்ன கற்றுத்தருகிறது? வரைந்தது தப்பா சரியா என்று பிறகு சரிபார்க்க முடிகிறதா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. தனியாகக் கற்கிறவருக்கு ஆசிரியர் கிடையாது. எதிரே இருக்கும் பொருளே ஆசிரியர் வேலையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பொருட்கள் அன்றாடத்துக்கு. வெளியே மனிதர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம். புகைப்படம் வேறு வழியில்லாதபோது. நினைவிலிருந்து வரைவது, இன்று அதற்குக் கிடைக்கும் மதிப்பைவிடப் பல மடங்கு மதிப்புக்குரியது.

மேசைமேல் இருப்பது

டம்ளர், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, கழற்றிப் போட்ட செருப்பு, நாற்காலியில் தொங்கும் சட்டை. இவை அசையாது, பார்க்கிறாயே என்று முகம் சுளிக்காது. விளக்கை எங்கே வைத்தால் நிழல் எங்கே விழும் என்பதும் நம் கையில்தான். ஒரே நிமிடத்தில் தொடங்கிவிடலாம். தினசரிப் பழக்கத்துக்கு இதைவிட முக்கியமான தகுதி வேறில்லை.

கற்றுத்தருவதும் குறைவில்லை. ஒரு டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் நம் கண் மட்டத்துக்கு அருகில் இருந்தால் நீள்வட்டம் ஒடுங்கித் தெரியும். அடிப்பகுதி கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாக இருக்க வேண்டும். புதிதாக வரைகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: வாயை அகலமான வட்டமாகவும், அடியை நேர்க்கோடாகவும் போடுவார்கள். மேசை தட்டை, ஆகவே அடியும் தட்டை என்று மூளை சொல்வதைக் கை எழுதிவிடுகிறது. கண் பார்த்ததை வரைவதற்கும் மூளைக்குத் தெரிந்ததை வரைவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு டம்ளரிலேயே பிடிபட்டுவிடும். அதுவும் டம்ளர் அங்கேயே இருக்கும்போது, பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து உடனே சரிபார்க்கலாம்.

சலிக்காதா என்பார்கள். இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டி அதே சில புட்டிகளையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பல பத்தாண்டுகள் வரைந்தார். ஜெர்மானிய ஓவியர் அடோல்ஃப் மென்சல் 1845 வாக்கில், கலைந்து கிடந்த படுக்கையைக் கறுப்புச் சாக் கட்டியால் வரைந்தார். தலையணையின் பள்ளமும் போர்வையின் மடிப்பும் தவிர அதில் வேறெதுவும் இல்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது. சலிப்பு வரும்போது பொருளை மாற்றாமல் கேள்வியை மாற்றுங்கள் என்பதே என் யோசனை. அதே செருப்பை ஒரு நாள் வெறும் கோட்டில் வரையலாம். இன்னொரு நாள் கோடே இல்லாமல் நிழலால் மட்டும் வரையலாம். மற்றொரு நாள் செருப்பை விட்டுவிட்டு, வார்களுக்கு இடையே தெரியும் வெற்று இடத்தின் வடிவத்தை மட்டும் வரைந்தால், நடுவில் செருப்பு தானாக வந்து நிற்கும். பழைய செருப்பாக இருந்தால் இன்னும் நல்லது. தேய்ந்த குதிகாலும் விரல் பதிந்த பள்ளமும் அதைப் போட்டு நடந்தவரைப் பற்றி நிறையச் சொல்லும்.

உங்கள் இன்னொரு கையையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் கேட்காத மாடல், எப்போதும் கூடவே இருக்கும், லட்சம் நிலைகள் காட்டும்.

இந்த வழியின் குறை என்னவென்றால், அவசரமே இல்லை. அவசரம் இல்லாவிட்டால் ரப்பர் அதிகம் வேலை செய்யும். கோடு பயந்து பயந்து, துண்டு துண்டாக விழும்.

வெளியே, மனிதர்களோடு

அந்தப் பயத்துக்கு மருந்து நடமாடும் மனிதர்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்ற இயக்கம் இன்று உலகின் பல நகரங்களில் பரவியிருக்கிறது. அவர்கள் கொள்கையின் சாரம்: இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, நேரில் பார்த்து வரை. பழக்கம் அதைவிடப் பழசு. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘மங்கா’ என்ற ஸ்கெட்ச் தொகுதிகளில் முதலாவது 1814இல் வந்தது. குளிப்பவர், சுமை தூக்குபவர், கொட்டாவி விடுபவர், மல்லுக்கட்டுபவர் என்று அன்றாட மனிதர்கள் அவற்றில் குவிந்து கிடக்கிறார்கள். ‘ஆனந்த விகட’னுக்காகக் கோயில்களுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்து சிற்பங்களை வரைந்தவர் நம் ஓவியர் சில்பி. ஆனால் அவருக்கு எதிரே இருந்தது கல்; கல் எழுந்து போகாது. ரயிலில் எதிரே இருப்பவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்.

அந்த நெருக்கடிதான் கற்றுத்தருகிறது. முப்பது விநாடிதான் இருக்கிறது என்றால் சட்டைப் பொத்தானை வரைய மாட்டோம். தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது, தலை எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்ற மூன்றை மட்டும் எடுப்போம். முகத்தை விட்டுவிட்டாலும், அந்த மூன்றும் சரியாக விழுந்தால் தெரிந்தவர்கள் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

ஒரு சூட்சுமம் உண்டு. காத்திருக்கும் மனிதர்கள் அசைவார்கள், ஆனால் பழைய நிலைக்குத் திரும்பியும் வருவார்கள். ஒரே பக்கத்தில் நாலைந்து பேரைத் தொடங்கி வையுங்கள். ஒருவர் திரும்பியதும் அடுத்தவருக்குப் போங்கள். முதலாமவர் மறுபடி கன்னத்தில் கை வைக்கும்போது அங்கே வாருங்கள். போன் பார்க்கிறவர்களும் படிக்கிறவர்களும் தூங்குகிறவர்களும் நல்ல மாடல்கள். யாராவது கவனித்துக் கூச்சப்படுகிறார்கள் என்று தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். பக்கம் நிறையாமல் போனாலும் பரவாயில்லை. பிறர் குழந்தைகளை முகம் தெரியும்படி வரைவதானால் கூட இருப்பவரிடம் கேட்டுவிட்டே வரைய வேண்டும்.

இதற்குப் பேனா பொருத்தம். அழிக்க முடியாது என்பதால் கோடு துணியும். சாதாரண பால்பாயின்ட் போதும். அதன் மை வெளிச்சத்தில் மங்கக்கூடியதுதான், ஆனால் மூடி வைக்கும் நோட்டில் அது பெரிய கவலையில்லை. மேலே வாட்டர்கலர் பூசும் எண்ணமிருந்தால் நீரில் கரையாத பிக்மென்ட் மைப் பேனா வேண்டும். இந்தியன் இங்க்கை மட்டும் ஃபவுன்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், அதிலிருக்கும் அரக்கு காய்ந்து பேனாவை அடைத்துவிடும். நோட்டு ஏ6 அளவில் இருந்தால் உள்ளங்கையில் அடங்கும், யார் கண்ணையும் உறுத்தாது. மென்சல் தன் ஓவர்கோட்டின் பைகளில் ஸ்கெட்ச்புக்குகளைத் திணித்துக்கொண்டு திரிந்தவர். அவர் வழியே வழி.

வீட்டுப் பொருளா, வெளி மனிதர்களா? கோட்டில் உயிர் வேண்டுமென்றால் வெளியேதான் போக வேண்டும். ஆனால் என் மூன்றாவது கேள்வியில் வெளியுலகம் தோற்றுவிடுகிறது. நோட்டில் கை நீளமாகிவிட்டதா, அல்லது அவர் கையே அப்படித்தானா என்று பார்க்க ஆள் அங்கே இல்லை. வெளியே மட்டும் வரைகிறவர்களுக்குக் கை வேகமாகிறது, விகிதப் பிழைகள் அப்படியே பழகிவிடுகின்றன. வீட்டில் மட்டும் வரைகிறவர்களுக்கு விகிதம் சரியாகிறது, கோடு விறைத்துப்போகிறது. ஒன்றின் நோய்க்கு மற்றது மருந்தாக இருப்பதால் இரண்டையும் விட முடியாது. தினசரிப் பழக்கத்தில் முதல் இடத்தை மட்டும் நான் வீட்டுப் பொருளுக்கே தருவேன், ஏனென்றால் மழை பெய்தாலும் உடம்பு சரியில்லாவிட்டாலும் டம்ளர் அங்கேயே இருக்கும்.

புகைப்படம்

புகைப்படம் பார்த்து வரைவது ஏமாற்று வேலை என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. பிரெஞ்சு ஓவியர் டெலக்ராவா 1850களில் மாடல்களைப் புகைப்படம் எடுக்கவைத்து அவற்றைப் பார்த்து வரைந்தார். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் டேகா தானே கேமராவைத் தூக்கினார். ஆனால் அவர்கள் நேரில் பார்த்து வரைவதில் வருடக்கணக்காக ஊறியவர்கள். படம் எதை விட்டுவிடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும், தொடக்கநிலையில் இருப்பவருக்குத் தெரியாது.

அது விட்டுவிடுவது நிறைய. போனின் முதன்மை லென்ஸ் பொதுவாக அகலக்கோணம். முகத்தை நெருங்கி எடுத்தால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னால் ஒடுங்கும். நாம் அதை அப்படியே வரைந்துவிட்டு, ஏதோ இடிக்கிறதே என்று குழம்புவோம். நிழலுக்குள் கண் பார்க்கும் நிறங்களையும் விளிம்புகளையும் படம் பல நேரம் ஒரே கறுப்பாக்கிவிடும். இரண்டு கண்ணால் பார்க்கும் ஆழம் அதில் இல்லை. எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்ற முடிவையும் படம் எடுத்தவர் ஏற்கெனவே செய்துவிட்டார். ஓவியத்தில் பாதி அந்த முடிவுதான். தொடங்கும் வேகத்திலும் படத்துக்குத் தோல்வியே. பார்த்து வரைய நல்ல படம் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போனால் இருபது நிமிடம் எப்படிக் கரைந்தது என்றே தெரியாது.

பறக்கும் பறவை, பாயும் நாய், இனி நேரில் பார்க்க முடியாத முகம் ஆகியவற்றுக்குப் படம்தான் கதி. அப்போதும் இணையத்தில் கிடைப்பதைவிட நீங்களே எடுத்தது மேல். அந்த இடத்தில் நின்ற நினைவு படத்தில் இல்லாததை நிரப்பும். பிறர் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்ததை விற்பதானால் அவரிடம் அனுமதி கேளுங்கள்.

தலைப்புப் பட்டியலும் பிரதியும்

ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தொடங்கிய ‘இன்க்டோபர்’ போன்ற சவால்கள், மாதம் முழுக்க நாளுக்கு ஒரு தலைப்பு, ஒரு மை ஓவியம் என்று ஓட வைக்கின்றன. கூட்டத்தோடு ஓடும் உற்சாகம் உண்மையானது. ஒரு மாதத்துக்கு நல்லது. வருடம் முழுக்க இப்படி வரைந்தால் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘மரம்’ என்ற சொல்லைக் கேட்டதும் கை வரைவது சிறுவயதில் பழகிய மேகம் போன்ற தலையும் இரு கோட்டுத் தண்டும்தான். எந்த மரத்தையும் நாம் பார்த்திருக்க மாட்டோம். ஆகவே தலைப்பை, பொருளைத் தேடுவதற்கான ஒரு சாக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘முடிச்சு’ என்று வந்தால், வீட்டுக்குள் எங்கே முடிச்சு இருக்கிறது என்று எழுந்து போய்ப் பாருங்கள்.

பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைவது வேறு வகைப் பயிற்சி. டச்சு ஓவியர் வான்கோ, பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்கின் பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். இன்னொரு பிரெஞ்சு ஓவியரான மியேவின் ஓவியங்களைப் பார்த்தும் வரைந்தார். ஒரு சிக்கலை இன்னொருவர் எப்படித் தீர்த்தார் என்று தெரிந்துகொள்ள இது நல்ல வழி. அதற்கு முதலில் அந்தச் சிக்கலில் நாம் மாட்டியிருக்க வேண்டும். அதனால் தினமும் தேவையில்லை.

நினைவிலிருந்து

பாரிஸில் ஓவியம் கற்பித்த லெகோக் த புவாபோத்ரான், மாணவர்களின் பார்வை நினைவுக்குத் தனிப் பயிற்சியே வகுத்தார். எளிய வடிவத்தில் தொடங்கி, மெல்ல மெல்லச் சிக்கலானவற்றைப் பார்த்து, மனத்தில் வாங்கி, பிறகு பார்க்காமல் வரைய வைப்பார். சிற்பி ரோதானும் ஓவியர் ஃபான்தான்-லத்தூரும் அவரிடம் படித்தவர்கள். அமெரிக்க ஓவியர் விஸ்லர் இரவுக் காட்சிகளை இப்படித்தான் பழகினார்: ஆற்றங்கரையில் நின்று பார்ப்பார், திரும்பி நின்று கூட இருப்பவரிடம் பார்த்ததை ஒப்பிப்பார், மறுநாள் தீட்டுவார்.

இதற்குக் காகிதம்கூட உடனே தேவையில்லை என்பதால் தொடங்கும் வேகத்தில் எதுவும் இதை வெல்லாது. சமையலறையில் இருக்கும் பாத்திரத்தை ஒரு நிமிடம் பாருங்கள். பிடி எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது, அகலத்தைப் போல உயரம் எத்தனை பங்கு, வெளிச்சம் எங்கே வெட்டுகிறது என்று உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த அறைக்குப் போய் வரையுங்கள். பிடி எங்கே முடிகிறது என்று தெரியாமல் கை நிற்கும் இடம் வரும். சரியாக அந்த இடத்தைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. எந்த ஆசிரியரும் இவ்வளவு துல்லியமாகச் சுட்டிக்காட்ட முடியாது. திரும்பிப் போய்ப் பார்த்து, வேறு நிறப் பேனாவால் அதே படத்தின் மேலேயே திருத்துங்கள். பழைய கோட்டை அழிக்க வேண்டாம். இரண்டு நிறமும் ஒரே பக்கத்தில் இருந்தால், நீங்கள் எப்போதும் பிடியைப் பெரிதாக்குகிறீர்களா, கழுத்தைக் குறுக்குகிறீர்களா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

வெளியே பார்த்த மனிதர்களையும் இதே முறையில் வீட்டுக்குக் கொண்டுவரலாம். பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற நாளில் நோட்டை எடுக்க முடியாது. பையின் வார் தோளை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டு, இரவில் அந்த ஒரு சாய்வை வரைந்தால் போதும். சந்தேகம் வந்தால் பையை நீங்களே மாட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நின்று பார்த்துவிடலாம்.