67 மஸ்டாங், 289 வி8: ரீபில்ட் பண்ணியும் இழுவை இல்லாம டைனோ கடைக்கு போனேன், அதோட முழு ரிவ்யூ

பழைய வி8 (எட்டு சிலிண்டர்) வண்டி வச்சிருக்குறவங்க, வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, நீளமாதான் இருக்கும். இது ஒரு டைனோ கடையை (வண்டியை உருளை மேல ஓட்டி சக்கரத்துக்கு எவ்வளவு பவர் வருதுன்னு அளக்குற இடம்) பத்தியும் அங்க என் என்ஜின்ல மாட்டுன சாமான்களைப் பத்தியும் ரிவ்யூ. கடை பேரை போடல, ஏன்னா அது ரெண்டே பேர் நடத்துற பட்டறை, இப்பவே ஆறு வாரம் வெயிட்டிங், பேரு வேணாம்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க.

வண்டி 1967 ஃபோர்டு மஸ்டாங், ரெண்டு கதவு ஹார்ட்டாப். சேசிஸ் நம்பர் 7எஃப்01சி-ன்னு ஆரம்பிக்கும், 7ன்னா 67ம் வருஷம், எஃப்-னா டியர்பார்ன் ஃபேக்டரி, 01 ஹார்ட்டாப், சி-னா 289 கன அங்குல வி8, ரெண்டு பேரல் கார்புரேட்டர் (காத்தையும் பெட்ரோலையும் கலக்குற பாகம்). நான் இருக்குறது அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து ஃபார்மிங்டன் ஹில்ஸ், டியர்பார்ன் இங்கிருந்து அரை மணி நேரம்தான், அதாவது வண்டி பொறந்த ஊர் பக்கத்துலயே இருக்கு, அதுல எனக்கு ஒரு தனி சந்தோஷம். வாங்கும்போதே முன்னாடி ஓனர் என்ஜின் வேலை பண்ணியிருந்தாரு, பில் எல்லாம் குடுத்தாரு, சிலிண்டர் 30 தவ் (ஒரு தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) பெருசா போர், புது பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு வேலை எல்லாம் இருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணா அழகா நிக்கும், புகை கிடையாது, ஆயில் குடிக்காது. ஆனா மிதிச்சா போகாது. ஃப்ரீவேல ஏர்றப்போ பின்னாடி வர்ற மினிவேன்காரன் நம்மள தள்ளிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும். போன ஆகஸ்ட்ல உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு (டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் ரோட்டுல பழைய வண்டிகள் ஊர்வலமா போறது, அது 1995ல இருந்து நடக்குது, மூணாவது சனிக்கிழமை) எடுத்துட்டு போனேன், சிக்னல்ல இருந்து கிளம்புறப்போ சத்தம் மட்டும்தான் வருது, வண்டி வரல, மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

இதுல முதல்ல நான் புரிஞ்சுக்கிட்டது என்னன்னா, ரீபில்ட்ங்கிறது பவர் ஏத்துற வேலை இல்ல, தேஞ்சு போனதை பழைய அளவுக்கு திருப்பி கொண்டு வர்ற வேலை. 30 தவ் போர் பண்ணா கூட 289 வந்து 293 ஆகும், அவ்வளவுதான், ஒன்றரை பர்சென்ட்தான். அப்புறம் அந்த பழைய அளவே என்னன்னு பாக்கணும். ஃபோர்டு அப்போ இந்த சி கோடு என்ஜினுக்கு 200 குதிரைசக்தின்னு போட்டிருந்தாங்க, அது கிராஸ் கணக்கு, என்ஜினை தனியா ஸ்டாண்டுல வச்சு, ஏர் க்ளீனர், வண்டியோட சைலன்சர், ஆல்டர்னேட்டர் சுமை எதுவும் இல்லாம அளக்குறது. 1972 மாடல்ல இருந்து அமெரிக்க கம்பெனிகள் எல்லாம் நெட் கணக்குக்கு (இதெல்லாம் மாட்டி வச்சு அளக்குறது) மாறிட்டாங்க, அதான் 71லயும் 72லயும் ஒரே என்ஜினுக்கு பவர் திடீர்னு விழுந்த மாதிரி தெரியும். அதனால 200ன்னு பேப்பர்ல பாத்துட்டு சக்கரத்துல 200 எதிர்பாக்காதீங்க, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் தின்னது போக ரொம்ப கம்மிதான் வந்து சேரும்.

நான் பார்ட்ஸ் லிஸ்ட் எல்லாம் ரெடி பண்ணி, பெரிய கார்புரேட்டர், ஹாட் கேம் (வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிற கேம்ஷாஃப்ட்) எல்லாம் கார்ட்ல போட்டு வச்சுட்டு தான் அந்த கடைக்கு போன் பண்ணேன். எடுத்தவரு எழுபது வயசு தாண்டின பெரியவர், ரொம்ப வருஷம் மெஷின் ஷாப்ல வேலை பாத்தவர், டைனோ கம்ப்யூட்டரை அவர் மகள் பாத்துக்கிறாங்க. நான் லிஸ்ட் படிக்க ஆரம்பிச்சதும் நிறுத்துங்கன்னாரு. "ஒண்ணும் வாங்காதீங்க, வண்டியை இப்படியே கொண்டு வாங்க, முதல்ல அளந்து பாப்போம்." விக்க வேண்டிய ஆளே வாங்காதேன்னு சொன்னது எனக்கு அப்பவே பிடிச்சுப் போச்சு.

முதல் ஓட்டத்துல சக்கரத்துல வந்தது 118. அவங்க மகள் ஸ்க்ரீனை திருப்பி காட்டுனாங்க, கோடு மேல ஏறவே இல்ல, 3800ல படுத்துடுச்சு. அப்புறம் பெரியவர் செஞ்ச முதல் வேலை, என்னை சீட்ல உக்கார வச்சு என்ஜின் ஆஃப்ல ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்க சொல்லிட்டு, அவர் டார்ச் அடிச்சு கார்புரேட்டருக்குள்ள பாத்தாரு. த்ராட்டில் (காத்து உள்ள போற வழியில இருக்குற தகடு) முக்கால்தான் திறக்குது! பெடல் தரையில முட்டுது, உள்ள தகடு சாஞ்சே நிக்குது. லிங்கேஜை அட்ஜஸ்ட் பண்ண பத்து நிமிஷம் ஆச்சு. காசு செலவே இல்லாத வேலை இது, உங்க வண்டியில இன்னைக்கே வீட்டுல யாரையாவது மிதிக்க சொல்லி பாருங்க.

ரெண்டாவதுதான் பெரிய விஷயம். கிராங்க் முன்னாடி இருக்குற ஹார்மோனிக் பேலன்சர், அதுல நடுவுல ஒரு இரும்பு, வெளிய ஒரு வளையம், ரெண்டுக்கும் நடுவுல ரப்பர். அம்பது வருஷத்துல அந்த ரப்பர் விட்டுப்போய் வெளி வளையம் நகர்ந்துடும். ஸ்பார்க் எப்ப வரணும்னு பாக்குற டைமிங் குறி அந்த வளையத்துல தான் வெட்டியிருக்கும். அப்போ டைமிங் லைட் அடிச்சு எவ்வளவு கரெக்டா வச்சாலும் குறியே பொய் சொல்லுது. ஒண்ணாம் நம்பர் ப்ளக் ஓட்டையில பிஸ்டன் ஸ்டாப் போட்டு, கிராங்கை ரெண்டு பக்கமும் சுத்தி நிஜமான டிடிசி (பிஸ்டன் உச்சியில நிக்குற இடம்) கண்டுபிடிச்சாரு, குறி 11 டிகிரி தள்ளி இருந்துச்சு. என்ஜின் ரீபில்ட் பண்ணவங்க பழைய பேலன்சரையே தொடச்சு பெயின்ட் அடிச்சு மாட்டியிருக்காங்க. அவ்வளவு செலவு பண்ணி பிஸ்டன் வரைக்கும் மாத்திட்டு இதை விட்டுட்டாங்களேன்னு எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு. புதுசு வாங்குறப்போ ஒண்ணு கவனிக்கணும், 289க்கு 28 அவுன்ஸ் இம்பேலன்ஸ் உள்ளது தான் போடணும், எண்பதுகள்ல வந்த 5.0 என்ஜினோடது 50 அவுன்ஸ், பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் மாத்தி போட்டா என்ஜின் உதறிடும்.

பேலன்சர் மாத்தி, பாயின்ட்டை (ஸ்பார்க்குக்கு கரண்டை வெட்டி விடுற பழைய ஸ்விட்ச்) எடுத்துட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளயே அதுக்கு பதிலா பெர்ட்ரானிக்ஸ் எலக்ட்ரானிக் மாட்டி (வெளிய பாத்தா பழைய மாதிரியே இருக்கும், அது எனக்கு முக்கியம்), மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு எவ்வளவு முன்னாடி ஸ்பார்க் வருதுங்கிற அளவு) 3000 ஆர்பிஎம்ல 34 டிகிரி வர்ற மாதிரி வச்சோம். பெர்ட்ரானிக்ஸ் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை, இந்த வருஷ மஸ்டாங்ல காயிலுக்கு போறது ரெசிஸ்டர் வயர், அதுல முழு 12 வோல்ட் வராது, அதனால சிவப்பு வயரை ரெசிஸ்டருக்கு முன்னாடியே குடுக்கணும், நம்ம ஆளுங்க நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. ஜெட் ஒரு சைஸ் ஏத்தி மறுபடி ஓட்டுனா 141. ஹெட்டை (சிலிண்டர் மேல இருக்குற மூடி, வால்வு எல்லாம் இதுலதான்) கழட்டாம, கேமை தொடாம 23 குதிரை! அன்னைக்கு கடை பில் பேலன்சரோட சேர்த்து 600 டாலர் கிட்ட வந்துச்சு, வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றப்போ இது என் வண்டிதானான்னு இருந்துச்சு.

இதோட நிறுத்துறவங்க நிறுத்திக்கலாம், நல்ல முடிவுதான். எனக்கு ஆசை விடல. பெரியவர்கிட்ட கேட்டேன், அடுத்தது என்னன்னு. அவர் கழட்டி வச்சிருந்த ஒரு பழைய 289 ஹெட்டை கையில குடுத்து எக்சாஸ்ட் போர்ட்டுக்குள்ள விரலை விட்டு பாக்க சொன்னாரு. ரெண்டு விரல் போறதே கஷ்டம். இன்டேக் வால்வு 1.78 அங்குலம், எக்சாஸ்ட் 1.45. உள்ள காத்தை இழுக்கவும் முடியாது, வெளிய விடவும் முடியாது, இதுல எவ்வளவு பெரிய கார்புரேட்டர் வச்சு என்ன பிரயோஜனம். குதிரைசக்திங்கிறதே டார்க்கை (என்ஜின் திருப்புற விசை, பவுண்டு-அடி கணக்குல) ஆர்பிஎம்மால பெருக்கி 5252ஆல வகுக்குற கணக்குதான், கீழ இருக்குற டார்க் மேல 5500 வரைக்கும் விழாம நின்னா பவர் தானா வரும், மேல மூச்சு விட முடியலைன்னா வராது.

கார்புரேட்டர் பத்தி ஒரு கணக்கு, என் கார்ட்ல இருந்த 750 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து) கார்புரேட்டரை தூக்க வச்ச கணக்கு இது. கன அங்குலத்தை ஆர்பிஎம்மால பெருக்கி 3456ஆல வகுங்க. 289 இன்டு 6000, வகுத்தா 502. அதுவும் சிலிண்டர் நூத்துக்கு நூறு நிரம்புனா. தெருவுல ஓட்டுற என்ஜின் அவ்வளவு நிரம்பாது, அதனால 600 சிஎஃப்எம்மே தாராளம். 750 வச்சா கீழ் ஆர்பிஎம்ல காத்து வேகம் கொறஞ்சு பெட்ரோல் சரியா கலக்காம மிதிச்ச உடனே திக்கும்.

குளிர்காலத்துல, எப்படியும் ரோட்டுல உப்பு போடுறதால நவம்பருக்கு மேல வண்டியை வெளிய எடுக்க மாட்டேன், அந்த நேரத்துல வேலையை குடுத்தேன். போட்டது எடல்பிராக் அலுமினிய ஹெட், 60 சிசி சேம்பர், 1.90 இன்டேக் வால்வு. மேல எடல்பிராக் பெர்ஃபார்மர் ஆர்பிஎம் மேனிஃபோல்டு (கார்புரேட்டர்ல இருந்து சிலிண்டர்களுக்கு பிரிச்சு விடுற குழாய்), ஹோலி 600 வேக்குவம் செகண்டரி கார்புரேட்டர். கேம் 0.050 அங்குல லிஃப்ட்ல 218 டிகிரி (வால்வை எவ்வளவு நேரம் திறந்து வைக்குதுங்கிற அளவு), ஹைட்ராலிக் டப்பெட், அதுக்கு மேல வேணாம்னு பெரியவர் கறாரா சொல்லிட்டாரு, ஏன்னா ஆட்டோமேட்டிக் வண்டி, பெரிய கேம் போட்டா ஸ்லோல (ஆக்சிலேட்டர் மிதிக்காதப்போ) வேக்குவம் போயிடும், சிக்னல்ல என்ஜின் ஓடி நிக்காது. கூட ட்ரை-ஒய் ஹெடர் (ரெண்டு ரெண்டா சேர்ந்து கடைசியில ஒண்ணாகுற எக்சாஸ்ட் குழாய்). இந்த ஐடியாவே புதுசு இல்ல, 1965ல ஷெல்பி ஜிடி350ல இதே 289 குடும்பம்தான், ஃபோர்டோட 271 குதிரை ஹைபோ (ஹை பெர்ஃபார்மன்ஸ்) என்ஜினை எடுத்து ஹெட்டை அப்படியே வச்சு, அலுமினிய மேனிஃபோல்டு, பெரிய ஹோலி, ட்ரை-ஒய் ஹெடர் மாட்டியே 306 காட்டுனாங்க. காத்து போற வழியை திறந்து விட்டாலே இந்த என்ஜின் குடுக்கும்ங்கிறதுக்கு அறுபது வருஷத்துக்கு முன்னாடியே சாட்சி இருக்கு.

ஹெட்டை பத்தி சொல்லணும்னா, பெட்டியை பிரிச்சதும் தூக்கி பாத்தேன், பழைய வார்ப்பிரும்பு ஹெட்டை தூக்குனவங்களுக்கு தெரியும் வித்தியாசம், ஒரு கையில வந்துச்சு. முன் சக்கரத்து மேல இருந்த பாரம் கொறஞ்சது ஸ்டியரிங்லயே தெரியுது. ஆனா போல்ட் போட்டு முறுக்கி விட்டுட்டு போற வேலை இல்ல இது. பழைய ஹெட்ல ப்ளக் 18 மில்லிமீட்டர், இதுல 14 மில்லிமீட்டர், ப்ளக் புதுசா வாங்கணும். கைடு பிளேட் இருக்குறதால ஹார்டன் பண்ண புஷ்ராடு வேணும், அதோட நீளத்தையும் அளந்துதான் வாங்கணும். எல்லாத்துக்கும் மேல, பெரிய வால்வு பிஸ்டன்ல இடிக்குதான்னு பாக்கணும், பெரியவர் பிஸ்டன் மேல களிமண் வச்சு ஹெட்டை தற்காலிகமா மாட்டி, கிராங்கை கையால ரெண்டு சுத்து சுத்தி, மறுபடி கழட்டி, அந்த களிமண்ணை பிளேடால வெட்டி எவ்வளவு தடிமன் மிச்சம்னு அளந்தாரு. இன்டேக்ல 80 தவ், எக்சாஸ்ட்ல 100 தவ் குறைஞ்சபட்சம் இருக்கணுமாம். ஒரு மத்தியானம் முழுக்க அதுக்கே போச்சு, நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன், கோயில்ல அபிஷேகம் பாக்குற மாதிரி.

அப்புறம் அந்த முதல் இருபது நிமிஷம். ஃப்ளாட் டப்பெட் கேம் புதுசா போட்டா ஸ்டார்ட் ஆன உடனே ஸ்லோல விடவே கூடாது, 2000ல இருந்து 2500க்குள்ள ஏத்தி எறக்கி 20 நிமிஷம் ஓட்டணும், ஜிங்க் உள்ள பிரேக்-இன் ஆயில் போட்டு. ஸ்லோல விட்டா கேம் மேல ஆயில் தெறிக்காது, லோப் தேஞ்சு அந்த இரும்புத்தூள் புது பேரிங்ல போய் உக்காரும், மொத்த என்ஜினும் போச்சு. இப்ப கடையில கிடைக்கிற சாதாரண கார் ஆயில்ல ஜிங்க் கம்மி, அதனால எப்பவுமே இந்த மாதிரி என்ஜினுக்கு கிளாசிக் வண்டிக்கான ஆயில்தான்.

கடையில எனக்கு இருந்த மனக்குறையும் சொல்லிடுறேன். மார்ச் கடைசியில தர்றேன்னு சொன்ன வண்டி மே ரெண்டாவது வாரம்தான் வந்துச்சு. காரணம் ஹெடர். ஒரு கம்பெனி அனுப்புன முதல் செட்டுல ஃப்ளாஞ்ச் வளைஞ்சு வந்துச்சு, திருப்பி அனுப்பி ரெண்டாவது வர மூணு வாரம், அதுவும் ஸ்டியரிங் பக்கம் உரசாம உக்கார வைக்க படாத பாடு. மஸ்டாங்ல ஷாக் டவர் ரெண்டும் என்ஜினை நெருக்கிக்கிட்டு நிக்கும், இடமே கிடையாது. தாமதம் அவங்க தப்பு இல்லன்னாலும் ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாம், நான்தான் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டு கேட்டேன்.

கடைசி டைனோ ஓட்டம்: 5600ல 228 குதிரை, சக்கரத்துல. டார்க் 247, 3800ல. ஆரம்பிச்ச 118ல இருந்து பாத்தா கிட்டத்தட்ட ரெட்டிப்பு. ஸ்லோல லேசா ஒரு குலுக்கல் இருக்கு, காதுக்கு சுகமா இருக்கு. ரெண்டாவது கட்ட செலவு லேபர், டியூனிங் எல்லாம் சேர்த்து 5,800 டாலர், அதுல ஹெட் ரெண்டுக்கும் மட்டும் 2,000க்கு மேல. சின்ன தொகை இல்ல, வீட்டுல பேசி முடிவு பண்ணி தான் இறங்கினேன். மைலேஜ் கேக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஃப்ரீவேல கிட்டத்தட்ட முன்ன குடுத்ததே குடுக்குது, டவுன்ல கொறஞ்சிருக்கு, பெட்ரோல் 93 பிரீமியம்தான் போடுறேன்.

கடைக்கு அஞ்சுல நாலரை குடுப்பேன், அந்த அரை போன் பண்ணாததுக்கு. பார்ட்ஸ்ல எடல்பிராக் ஹெட்டும் மேனிஃபோல்டும் அஞ்சுக்கு அஞ்சு, போல்ட் துளை எதையும் பெருசு பண்ணாம அப்படியே உக்காந்துச்சு. ஆர்பிஎம் மேனிஃபோல்டு கொஞ்சம் உயரம், என் வண்டியில பானெட் மூட ட்ராப் பேஸ் ஏர் க்ளீனர் வாங்க வேண்டியதாச்சு, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி உயரம் அளந்துடுங்க.

என் வண்டியில முன்னாடி இன்னும் டிரம் பிரேக், இந்த பவருக்கு அது பத்தாது, ரெண்டு தடவை உட்வர்ட்ல சிவப்பு சிக்னல்ல நிறுத்துறப்போ ஒரு பக்கமா இழுத்துச்சு. டிஸ்க் பிரேக் கிட் மாட்டி முடிக்கிற வரைக்கும் மெதுவாதான் ஓட்டுறேன். ஹெடர் போல்ட் 500 மைல்ல மறுபடி டைட் பண்ண சொல்லியிருக்காங்க, இப்ப 460 ஆச்சு, சனிக்கிழமை காலையில அங்க போறேன், யாருக்காவது கடை அட்ரஸ் வேணும்னா தனியா மெசேஜ் பண்ணுங்க, பெரியவர்கிட்ட கேட்டுட்டு தர்றேன்.